பிளேட்டம்மாவின் ஐந்தாம் ஸ்தலம்

சீடர் இராயப்பர், யாரென்றே தெரியாது என்று சேசுநாதரை மறுதலித்த கதையை நான் எத்தனையோ ஊர்களில் சொல்லியிருக்கிறேன். கோயில் உபதேசியார் கதை சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், சிலர் தூங்கியும் விடுவார்கள். குறுக்கே மட்டும் யாரும் பேச மாட்டார்கள். ஜூஜுவாடியில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில்தான், கோழி கூவுகிற இடத்துக்கு நான் வந்து சேர்ந்த நேரம், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“இருங்க உபதேசியாரே. அந்த வேலைக்காரப் பொண்ணு எங்க நின்னுகினு இருந்தா?”

“எந்தப் பொண்ணு?”

“நீயும் அந்தாளோட இருந்தவன்தானேன்னு இராயப்பரக் கேட்டாளே, அவதான். குளிர் காயற நெருப்புக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

வேதத்தில் அப்படி ஒன்றும் எழுதவில்லை என்றேன்.

“எழுதலன்னா நீங்கதான் முடிவு பண்ணணும். அவ அந்தப் பக்கம் நின்னா அவ மூஞ்சியில வெளிச்சம் விழும், இராயப்பரோட முதுகுதான் நமக்குத் தெரியும். இந்தப் பக்கம் நின்னா அவ வெறும் கறுப்பு நெழலு, அவரோட பயம்தான் தெரியும். ரெண்டும் வேற வேற கதை இல்லியா?”

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சைக்கிளை மிதித்துக்கொண்டு திரும்பும்போது வழியெல்லாம் அந்தப் பெண்ணை நெருப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தேன். அடுத்த வாரம் பேரிகைப் பக்கம் ஒரு கிராமத்தில் அதே கதையைச் சொன்னபோது அவளைக் கறுப்பு நிழலாக நிறுத்தினேன். ஒருவரும் தூங்கவில்லை.

அந்தக் குரலுக்குரியவரை ஜூஜுவாடியில் எல்லோரும் பிளேட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அறுபதுகளின் கடைசி அது. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய புதிது. மாநில எல்லைச் சாவடிக்குச் சற்று முன்னால், பெருஞ்சாலையை ஒட்டி, ஓடு போட்ட ஒரு பட்டறை அவருக்கும் அவர் கணவருக்கும் இருந்தது. பெங்களூர் ஃபேக்டரிகளில் செய்கிற மோட்டார், பம்பு, லேத் இவற்றின் மேல் பெயர் பொறித்து ஒட்டுகிற தகடுகளை அங்கே செய்தார்கள். ஆர்டர் பிடிப்பதும் இயந்திர வேலையும் கணவர். அவர் அதிகம் பேச மாட்டார், கேட்டால் கன்னடத்தில் ஒரு வார்த்தை சொல்வார். தகட்டில் எழுத்தைக் கொண்டுவருவது பிளேட்டம்மா.

அவர் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்த ஊர்த் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடும். உயரமானவர். விரல் நுனிகள் ஆசிட் பட்டு மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். ஆசிட் துளை இல்லாத முந்தானையோடு அவரை நான் பார்த்ததே இல்லை. திருநாளுக்குப் புதுச்சேலை உடுத்தி வந்தாலும் மறுநாள் அதில் ஒரு துளை விழுந்துவிடும்.

வேலை செய்யும்போது பார்த்திருக்கிறேன். தகட்டின் மேல் மெழுகும் தாரும் கலந்த பூச்சைத் தடவி, அதன் மேல் ஊசியால் எழுதுவார். ஊசி போன இடத்தில் பூச்சு விலகி உலோகம் பளிச்சென்று தெரியும். பிறகு தகட்டை ஆசிட் தொட்டியில் இறக்குவார். பூச்சு இருக்கிற இடத்தை ஆசிட் தொடாது. விலகிய கோட்டை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும். எழும் குமிழிகளைக் கோழி இறகால் மெல்லத் தள்ளிவிடுவார். மெல்லிய கோடு போதும் என்கிற இடம் வந்ததும் தகட்டை வெளியே எடுத்து, அந்தக் கோட்டை மட்டும் வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி தொட்டியில் போடுவார். மற்ற கோடுகள் இன்னும் ஆழமாகும்.

“சின்னக் கோடு சீக்கிரம் வெளிய வந்துடணும் உபதேசியாரே. யாரு கடைசி மட்டும் ஆசிட்ல கெடக்குறாங்களோ அவங்கதான் கண்ணுக்கு முன்னால வந்து நிப்பாங்க.”

மற்றவர்கள் வாழ்க்கையையும் அவர் இப்படித்தான் கேட்பார். பக்கத்து வீட்டுப் பெண் மாமியாரைப் பற்றி அழுதுகொண்டே சொன்னால், “மொதல்ல உன் மாமியாரக் கொஞ்சம் அந்தாண்ட தள்ளி வெய்யி. நீ எங்க இருந்த, அதச் சொல்லு” என்பார். அழுத பெண்ணுக்குக் கோபம் வரும். ஆனால் கொஞ்ச நேரத்தில் தான் எங்கே இருந்தோம் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவாள். அதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒருமுறை டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் சானமாவுக் காட்டில் யானையைப் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். விடிகாலையில் யானை ரோட்டுக்கு நடுவில் வந்து நின்றதாம், அவர் அசையாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதன் கண்ணையே பார்த்தாராம், அது திரும்பிப் போய்விட்டதாம். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

“கிளீனர் எங்க இருந்தான்?” என்று கேட்டார் பிளேட்டம்மா.

டிரைவர் டீயைக் கீழே வைத்தார். “அவனா? அவன் கீழ எறங்கிட்டான்.”

“எறங்கி?”

“சாக்கைக் கொளுத்தி எடுத்துகினு முன்னால போயி நின்னான்.”

“அப்ப ஆனை எதப் பாத்துத் திரும்புச்சு?”

 டிரைவர் சிரித்துவிட்டு, வெளியே டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்த கிளீனரைக் கூப்பிட்டு, தன் பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். இந்த முறை கதையைக் கிளீனர் சொன்னார். அது இன்னும் நன்றாக இருந்தது.

எங்கள் பங்குச் சாமியார் சேலம் பக்கத்துக்காரர், இளவயது. சாமியார் பங்களாவில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. முன்பிருந்த வெளிநாட்டுச் சாமியார் விட்டுப்போனது. வேப்பிலைக்கு நடுவில் அடுக்கடுக்காகப் பழைய படங்கள். எதுவும் பள்ளிக்கூடச் சிலேட்டைவிடப் பெரிதில்லை. கறுப்பும் வெள்ளையும்தான், அதிலும் பெரும்பகுதி கறுப்பு. புகை பிடித்துக் கெட்டுப்போனவை என்றே நான் நினைத்திருந்தேன். கோயில் கதவுக்குப் பித்தளைத் தகடு கொண்டுவந்த பிளேட்டம்மாவிடம் சாமியார் பேச்சுவாக்கில் அவற்றைக் காட்டினார்.

அவர் ஒரு படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். தாளின் நான்கு பக்கமும் தகடு அழுத்திய தடம் பள்ளமாகத் தெரிந்தது.

“சாமி! இது ஆசிட்டு! இது எங்க வேலை!” என்று போட்ட சத்தத்தில் சமையல்காரர் ஓடி வந்துவிட்டார்.

அன்று மத்தியானம் முழுவதும் சாமியாரும் அவரும் மாறி மாறிப் பேசினார்கள். சாமியார் குருமடத்தில் படித்ததைச் சொன்னார். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பா. பரோக் காலம் என்பார்கள். பெரிய கோயில்களில் பெரிய ஓவியங்கள் இருந்தன. ஆனால் தகட்டில் மை தடவி அச்சடித்த இந்த மாதிரித் தாள்கள் சந்தைக்குப் போயின, வீடுகளுக்குப் போயின, கடல் தாண்டியும் போயின. ஒருவர் கையில் பிடித்து, உட்கார்ந்து, கிட்ட வைத்துப் பார்க்கிற படங்கள். கதையின் முடிவை வரையாமல், அடுத்து என்ன நடக்கப் போகிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிற நொடியைப் பிடித்து வரைந்தார்கள் அந்த ஓவியர்கள் என்றார்.

“அதுக்கு ஏன் இவ்ளோ இருட்டு?” என்று நான் கேட்டேன்.

பிளேட்டம்மா முந்திக்கொண்டார். “எங்கப்பா சொல்வாரு. சொரங்கத்துக்குள்ள போயிட்டா வெளக்கு தலையில இருக்கும். நீ யாரத் திரும்பிப் பாக்குறியோ அவன் மட்டும்தான் இருப்பான், மத்ததெல்லாம் இல்ல. இந்தப் படம் போட்டவனுக்கும் தலையில வெளக்கு இருந்திருக்குது.”

பிறகு இரண்டு படங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று சேசுநாதர் இலாசருவை உயிர்ப்பிக்கிற காட்சி. கல்லறையைச் சுற்றிப் பெருங்கூட்டம். இன்னொன்றும் இலாசரு படம்தான். ஆனால் அதில் கூட்டமே இல்லை, குகையின் இருட்டு, எழுகிற ஒரு கை, அதைப் பார்க்கிற சகோதரியின் முகம், அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு ஆள் வரைந்தவை என்று பெட்டியில் தனித்தனியாக வைத்திருந்தார்கள்.

“ரெண்டும் ஒரே தகடு” என்றார்.

சாமியார் நம்பவில்லை. பிளேட்டம்மா, கீழ் மூலையில் மயிர் போல ஒரு கீறல் இரண்டு தாளிலும் ஒரே இடத்தில் ஒரே சாய்வில் இருந்ததைக் காட்டினார். பிறகு இருட்டுப் படத்தின் ஓரத்தில் விரலை நீட்டினார். கறுப்புக் கோடுகளுக்கு அடியில் ஒரு பாதம் மங்கலாகத் தெரிந்தது. மற்ற படத்தில் அதே இடத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

“பேரத் தப்பா வெட்டிட்டா நாங்களும் இப்பிடித்தான் செய்வோம் சாமி. சொரண்டி, வழவழன்னு தேச்சு, மறுபடி வெட்டுவோம். ஆனா இவன் தப்பத் திருத்தல. மனசு மாறிட்டான். கூட்டத்த எல்லாம் போட்டு முடிச்ச அப்பால, இந்தக் கதை கூட்டத்துக்கு நடக்கல, அந்தப் பொம்பளைக்குத்தான் நடந்துச்சுன்னு அவனுக்குத் தோணியிருக்குது.”

சாமியார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து இரண்டு படங்களையும் வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதுவரை நான் உயிர்ப்பு நாளின் பாஸ்குப் பூசையில்கூடப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் பாஸ்குக்கு முந்தைய நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கும்போது சாமான் அறையைத் திறந்தால், சேசுநாதர் சிலுவை சுமந்த வழியைக் காட்டும் சிலுவைப்பாதையின் பதினான்கு வண்ணப் படங்களையும் கரையான் தின்றுவிட்டிருந்தது. சட்டத்தைத் தொட்டால் பொடிந்தது. புதுப் படங்கள் வருவதற்குள் பாஸ்கு தாண்டிவிடும் என்று பெங்களூர்க் கடைக்காரர் சொல்லிவிட்டார். பெரிய வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் பின்னால் பாறை மேல் ஏறுகிற பாதையில் படங்களை வரிசையாகக் கட்டி, ஸ்தலம் எனப்படும் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று ஜெபித்துப் போவதுதான் எங்கள் வழக்கம். படம் இல்லாமல் எப்படி என்று பங்குக் குழு கூடியது.

“நான் போட்டுத் தரேன்” என்றார் பிளேட்டம்மா.

குழுவின் தலைவர் மணியக்காரர். ஊரில் பெரிய வீடு அவருடையது. ஒரு பழைய படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

“இவ்ளோ சின்னதா? தூரத்துல இருந்து என்னாம்மா தெரியும்?”

“தெரியாதுங்க. கிட்ட வந்துதான் பாக்கணும்.”

“கறுப்பா வேற இருக்குது. சாவு வீட்டுக் காயிதம் மாதிரி.”

“இது சாவு வீடுதானுங்களே.”

சாமியார் இருமினார். அதோடு பிளேட்டம்மாவே போடுவதென்று முடிவாகிவிட்டது.

தாளில் அச்செடுக்க இரண்டு உருளைகளுக்கு நடுவே தகட்டை நசுக்கி அனுப்ப வேண்டும். பிளேட்டம்மாவின் கணவர் கரும்புச் சாறு பிழிகிற பழைய இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் உருளைகளை லேத்தில் கொடுத்து வழவழப்பாக்கி, படுக்கைப் பலகை வைத்துப் பொருத்தினார். அழுத்தத்துக்கு நடுவில் மெத்தையாக வைக்க ஆட்டுக்காரர்கள் போர்த்துகிற கம்பளி. முதல் தகட்டை அதில் விட்டு எடுத்ததும் நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். ஈரத் தாளை நுனியில் பிடித்து அவர் உரித்தார். சேசுநாதருக்குச் சாவுத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பிலாத்து கை கழுவிக்கொண்டிருந்தான். மேலே ‘முதலாம் ஸ்தலம்’ என்ற எழுத்து வலமிருந்து இடமாக, கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது. தகட்டில் நேராக எழுதினால் தாளில் திரும்பித்தான் விழும். வருஷக்கணக்காகத் தகட்டில் நேராகவே எழுதிப் பழகிய கைக்கு அது தோன்றவில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஒளித்து வைத்திருப்பார்கள். அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டீக்கடை வரைக்கும் போய் எல்லோரிடமும் காட்டிச் சிரித்துவிட்டு வந்தார்.

முகங்களைச் சுற்றுவட்டாரத்திலிருந்தே எடுத்தார். சாவடிப் பியூன் பிலாத்து ஆனார். டீக்கடை அம்மா, சேசுநாதரின் முகத்தைத் துடைக்கிற வெரோணிக்கம்மாள். எனக்கு என்ன வேஷம் என்று ஆசையாகக் கேட்டேன். “ஆணி பிடிக்கிற ஆளு. உங்க கை நல்லா இருக்குது” என்றார்.

ஐந்தாம் ஸ்தலத்தில் சிக்கல் வந்தது. சேசுநாதர் தளர்ந்துபோக, வழியே போன சீமோன் என்பவரைப் பிடித்துச் சிலுவையைத் தூக்கச் சொல்கிற இடம் அது. சீமோனுக்கு அவர் சவரிமுத்துவை வரைந்தார்.

சவரிமுத்து சாவடியில் லாரிச் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். காலனிக்காரர். எங்கள் கோயிலில் நடுப்பகுதி ஊர்க்காரர்களுக்கு, வலப்பக்கச் சிறகு காலனிக்காரர்களுக்கு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கைக்குழந்தைகூட அந்தக் கோட்டைத் தாண்டித் தவழ்ந்து போனால் யாராவது தூக்கித் திருப்பி விடுவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை மரச்சிலுவையைச் சுமப்பது மணியக்காரர் வீட்டு ஆண்கள்தான். அதுவும் எழுதி வைக்காத சட்டம்.

இதற்குள் மணியக்காரரும் படத்தில் வர ஆசைப்பட்டு, தம்பியோடு பட்டறைக்கு வந்து தலைப்பாகை கட்டி நின்றுவிட்டுப் போயிருந்தார். பிளேட்டம்மா அவர்கள் இருவரையும் கூட்டத்தில் முன்வரிசையில் வைத்திருந்தார். அச்செடுத்த முதல் தாளைப் பார்க்க மணியக்காரர் வந்தபோது நானும் சாமியாரும் அங்கே இருந்தோம். தன் மீசையைப் பார்த்து அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் கண் நடுவுக்குப் போனது.

“இது நம்ம சவரி இல்ல?”

“ஆமாங்க.”

“சிலுவையில இவன் கைய வெச்சிருக்குதே.”

“சீமோன் தூக்கணும் இல்லீங்களா?”

“அதுக்கு இவனா? இந்தப் படத்துக்கு முன்னால நாங்க எப்பிடிம்மா முழங்கால் போடறது? மாத்திடுங்க. இல்லாட்டி எங்காளுங்க யாரும் பாதைக்கு வர மாட்டாங்க. சாமி, நீங்களும் கேட்டுக்குங்க.”

சாமியார் முகம் வெளுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் பிளேட்டம்மா சொன்னார்: “சரிங்க. மாத்திடறேன்.”

மணியக்காரர் திருப்தியாகப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரையே கேள்வி கேட்கிறவர், தன் முறை வந்ததும் இப்படிப் பணிந்துவிட்டாரே என்று நினைத்தேன். வாய்விட்டே கேட்டேன்.

“இவ்ளோ சுலபமா ஒத்துக்கிட்டீங்களே?”

 அவர் தகட்டை எடுத்து மேசைமேல் வைத்து, முக்கோண முனையுள்ள சுரண்டியைக் கையில் எடுத்தார். தகட்டில் குனிந்தார். செம்பு சுருள் சுருளாக எழுந்து வந்தது. அவர் முதலில் சுரண்டி எடுத்தது மணியக்காரரின் தலைப்பாகையை.

நானும் சாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“மாத்துன்னுதானே சொன்னாரு” என்றார், தலையை நிமிர்த்தாமல். “யார மாத்தறதுன்னு சொல்லலியே.”

தம்பியும் போனார். பின்வரிசை போனது. குதிரைமேல் இருந்த சேவகன் போனான். சேசுநாதரும் சீமோனும் மட்டும் மிஞ்சினார்கள். சுரண்டிய இடத்தைக் கரியும் எண்ணெயும் வைத்துத் தேய்த்தார். அதன்பின் புதுப் பூச்சுப் பூசி, கூட்டம் நின்ற இடம் முழுவதும் மேலிருந்து கீழாக நெருக்கமாகக் கோடு கோடாக இழுத்தார். மழை இறங்குவது போல இருந்தது.

சாமியாருக்குக் கவலை. “அம்மா, அவங்க கலாட்டா பண்ணுவாங்க.”

“பண்ணட்டும் சாமி. நான் யாரையும் வையல. அவங்க அங்கதான் நின்னாங்க, நெசந்தான். ஆனா சொமையப் புடிச்சது ஒரு ஆளுதான். அப்ப யாரு ஆசிட்ல கடைசி மட்டும் கெடக்கணும்?”

அந்த இருட்டுக்குக் கோடுகள் மிக ஆழமாக அரிக்க வேண்டும். அவ்வளவு நேரம் ஆசிட்டில் கிடந்தால் பூச்சே பெயர்ந்து, தகடு முழுக்கப் பொத்தலாகிவிடும் அபாயம் உண்டு. வேறு தகடு வெட்டப் பொழுதில்லை. பெரிய வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. தொட்டியில் பச்சை நிறம் ஏறிக்கொண்டே வந்தது. அவர் இறகை ஆட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று கை நின்றது. சிலுவை மரத்தின் மேல் பூச்சு லேசாக எழும்பி, கோடே இல்லாத இடத்தில் குமிழி விடத் தொடங்கியிருந்தது. கணவர் தகட்டைத் தூக்க இடுக்கியோடு குனிந்தார். “பேட” என்றார் பிளேட்டம்மா, கன்னடத்தில். வேண்டாம் என்று அர்த்தம். மறுபடி இறகை ஆட்டத் தொடங்கினார். நான் என்னை அறியாமல் மாதாவை வேண்டும் ‘அருள் நிறைந்த’ மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அச்செடுத்துத் தாளை உரித்தார். இருட்டு வெல்வெட் போல விழுந்திருந்தது. அதற்கு நடுவில் இரண்டே ஆட்கள். சீமோனின் தோளில் வெறும் தாளின் வெள்ளை, அங்கே கோடே இல்லை, வெளிச்சம் அந்தத் தோளிலிருந்துதான் வருகிறது என்று தோன்றியது. ஆசிட் தப்பித் தின்ற இடம் மரத்தின் முண்டும் முடிச்சுமாக, தொட்டால் சிராய் குத்தும் போல வந்திருந்தது.

பிளேட்டம்மா அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத நான் போடல” என்றார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் வெயில் பாறையில் கொதித்தது. படத்தை மாற்றியாகிவிட்டது என்று கேள்விப்பட்டிருந்ததால் மணியக்காரர் வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் முன்னால், காலனிக்காரர்கள் பின்னால் என்று ஊர்வலம் கோயில் வாசலில் புறப்பட்டது. மரச்சிலுவை மணியக்காரரின் தம்பி மகன் தோளில். பெங்களூர் ஃபேக்டரி ஒன்றில் வேலை செய்கிற இளைஞர், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நான் ஜெபப் புத்தகத்தோடு சாமியார் பக்கத்தில்.

முதல் ஸ்தலத்திலேயே ஊர்வலத்தின் ஒழுங்கு கெட்டது. படம் சிலேட்டு அளவு. முன்னால் நின்றவர்கள் பார்க்கக் குனிந்தார்கள், பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிந்தே ஆக வேண்டும் என்று நெருங்கி வந்தார்கள். “இது சாவடிப் பியூன் இல்ல?” என்று யாரோ சொல்ல, அதைப் பார்க்க இன்னும் பத்துப் பேர் தலையை நீட்டினார்கள். மூன்றாம் ஸ்தலத்துக்கு வரும்போது யார் முன்னால், யார் பின்னால் என்று யாருக்கும் நினைவில்லை. காலனிக் கிழவி ஒருத்தி மணியக்காரர் மனைவியின் தோளில் கையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அந்த அம்மாளும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் ஸ்தலத்தில் மணியக்காரர் தன் மீசையைத் தேடிக்கொண்டு முதலில் வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். மூக்கு படத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். இருட்டுக்குள், கோடுகளுக்கு அடியில், சுரண்டியும் முழுவதும் போகாமல் ஒரு தலைப்பாகை மங்கலாகத் தெரிந்தது. பிளேட்டம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“இது நானா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார் மணியக்காரர்.

“நீங்கதாங்க.”

“இவ்ளோ தூரத்துலயா?”

“கிட்ட வந்தா சிலுவையத் தூக்கணும்ங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் அதற்குள் சிலுவை சுமந்த இளைஞர் மூச்சு வாங்கிக்கொண்டே படத்தைப் பார்த்துவிட்டிருந்தார். படத்தைப் பார்த்தார், கூட்டத்தில் தேடினார். சவரிமுத்து தன் முகத்தைப் பார்த்த திகைப்பில் துண்டால் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்.

“சவரியண்ணா” என்று கூப்பிட்டார் இளைஞர்.

பெரிய வீட்டுப் பிள்ளையின் வாயிலிருந்து அந்த ‘அண்ணா’ வந்ததை அங்கே எல்லோரும் கேட்டோம்.

“தோள் போயிடுச்சுண்ணா. கொஞ்சம் புடிங்க.”

சவரிமுத்து மணியக்காரரைப் பார்த்தார். “வேணாங்க தம்பி” என்றார். சவரிமுத்துவின் மனைவி பின்னாலிருந்து, “புடிய்யா, அந்தப் புள்ள எவ்ளோ நேரம் நிக்கும்?” என்று தள்ளினாள். ஊரெல்லாம் மணியக்காரர் முகத்தைப் பார்த்தது.  அவர் தலைப்பாகையை மெல்ல அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, பாதையை விட்டு ஓரடி ஒதுங்கினார்.

சவரிமுத்து சிலுவையை வாங்கித் தோளில் வைத்தார். மூட்டை சுமந்து பழகிய தோள். மரம் அதில் போய் உட்கார்ந்ததும் ஊர்வலம் முன்னைவிட வேகமாக ஏறத் தொடங்கியது. பாட்டை ஆரம்பிக்க வேண்டிய நான் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். வேறு யாரோ ஆரம்பித்தார்கள். கன்னடக்காரர்களும் தெலுங்குக்காரர்களும் தெரிந்த வரைக்கும் சேர்ந்துகொண்டார்கள். பாறையெல்லாம் அந்தப் பாட்டு நிறைந்தது.

பிளேட்டம்மா எல்லோருக்கும் முன்னால், ஆறாம் ஸ்தலத்துக்கு ஓடிவிட்டிருந்தார். காற்றில் ஆடிய படத்தை இரண்டு கையாலும் பிடித்து நேராக்கிக்கொண்டே, பெரிய வெள்ளிக்கிழமை என்றும் பாராமல், சாவடி வரைக்கும் கேட்கிற குரலில் கத்தினார்:

“தள்ளி நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது! கிட்ட வாங்க, எல்லாரும் கிட்ட வாங்க!”

எல்லோரும் போனோம்.